கயிறு, கோடு, எல்லை: ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் விரிவும் கோட்டைப்பட்டினக் கற்போரும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் எளிய சொற்களுள் ‘லைன்’ ஒன்று. தமிழ்க் கற்போருக்கு இச்சொல் பெரும்பாலும் ‘கோடு’ என்னும் ஒற்றை நிகரனோடு அறிமுகமாகிறது. இதன் முதற்பொருள் நூல் அல்லது கயிறு என்பதும், கோடு, வரி, வரிசை, தடம், எல்லை ஆகிய பொருள்கள் அதிலிருந்து கிளைத்தவை என்பதும் பாடத்தில் இடம்பெறுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையூரான கோட்டைப்பட்டினத்தைக் களமாகக் கொண்டு, இச்சொல்லின் பொருள்களையும் தமிழ் நிகரன்களையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. மீன்பிடிச் சமூகத்தைச் சார்ந்த கற்போருக்குக் கயிற்றிலிருந்து எல்லை நோக்கிச் செல்லும் வரிசையே ஏற்றது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்

லைன், பொருள் விரிவு, நிகரன், நூல், கோடு, வரி, வரம்பு, கடல் எல்லை, கோட்டைப்பட்டினம்.

முன்னுரை

பாக் நீரிணைப் பகுதியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், மீமிசலுக்கும் மணமேல்குடிக்கும் இடையே அமைந்த ஊர் கோட்டைப்பட்டினம். அண்மையிலுள்ள ஜெகதாப்பட்டினமும் இவ்வூரும் புதுக்கோட்டை மாவட்டத்தின் விசைப்படகுத் தளங்களாக விளங்குகின்றன. மீன்பிடித் தொழிலோடு, வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலும் பணிபுரிதல் இக்கடற்கரை மக்களின் வாழ்வாதாரமாக உள்ளது. ஆகவே இங்கு ஆங்கிலம் தேர்வுப் பாடமாக மட்டும் நிற்பதில்லை. கடல் வரைபடம், இடங்காட்டிக் கருவியின் திரை, கப்பற்பணி ஒப்பந்தம், கடவுச்சீட்டு விண்ணப்பம் என அன்றாட வாழ்வின் பல முனைகளில் அது எதிர்ப்படுகிறது.

இவ்விடங்களில் அடிக்கடி காணப்படும் சொற்கள் அரிய சொற்கள் அல்ல. எளியவை எனக் கருதி அகராதியைப் புரட்டாமல் கடந்து செல்லும் சொற்களே அவை. அரிய சொல் தனக்கு விளக்கம் வேண்டும் என்பதைத் தானே உணர்த்திவிடும். எளிய சொல் அவ்வாறு உணர்த்துவதில்லை. ‘லைன்’ இதற்குத் தக்க சான்றாகும். பள்ளி மாணவர் முதல் வகுப்பிலேயே அறியும் இச்சொல், கோட்டைப்பட்டினம் போன்ற ஊரில் ஒருவரின் உயிரோடும் உடைமையோடும் தொடர்புடைய பன்னாட்டுக் கடல் எல்லையின் பெயரிலும் இடம்பெறுகிறது. ஒரே சொல் வகுப்பறையில் ஒரு பொருளையும் கடலில் வேறொரு பொருளையும் தருவதன் காரணத்தைச் சொல்லின் வரலாற்றில் காண வேண்டும்.

அகராதி மரபும் பொருள் வரிசையும்

தமிழ் - ஆங்கில இருமொழி அகராதி மரபு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுத் தொடர்ச்சி உடையது. 1779இல் பெப்ரிசியசின் தமிழ் - ஆங்கில அகராதியும், 1862இல் வின்சுலோவின் பேரகராதியும் வெளிவந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதிகளாக வெளிவந்தது. அ. சிதம்பரநாதன் செட்டியாரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியம் 1965இல் நிறைவுற்றது. இப்பெருநூல்கள் ஒரு சொல்லுக்குரிய நிகரன்களைத் திரட்டித் தருவதில் ஈடற்றவை. எனினும் மாணவர் கையிலிருப்பவை இவை அல்ல. கையடக்க அகராதிகளும் பாடநூலின் இறுதியில் தரப்படும் சொற்பட்டியல்களுமே அவர்களுக்கு வாய்ப்பவை. அவை இடச்சுருக்கம் கருதி ஒரு சொல்லுக்கு ஒரு நிகரன் என்னும் முறையைப் பின்பற்றுகின்றன.

பல பொருள் கொண்ட சொல்லின் பொருள்களை அடுக்குவதில் இருவேறு நெறிகள் உள்ளன. ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதி வரலாற்று நெறியைக் கைக்கொள்கிறது. முந்து பொருள் முதலில் வரும். 1942இல் சப்பானில் ஏ. எஸ். ஹார்ன்பி முதலானோரால் வெளியிடப்பெற்று, 1948இல் ஆக்சுபோர்டு பதிப்பாக மாறிய கற்போர் அகராதியின் வழிவந்தவை, இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முன்வைக்கும் நெறியைச் சார்கின்றன. மிகு வழக்கு நெறியே கற்போருக்கு உகந்தது என்பது பொதுவான கருத்து. ஆயினும் ‘மிகுதி’ என்பது யாருடைய வழக்கில் மிகுதி என்னும் வினா எழுகிறது. இலண்டன் நாளிதழில் மிகுதியாக வழங்கும் பொருளும், பாக் நீரிணைக் கரையில் ஒருவர் முதலில் எதிர்கொள்ளும் பொருளும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதில்லை.

சொற்பிறப்பு: ஆளி நூலும் தமிழ் நூலும்

‘லைன்’ என்னும் சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் ‘லீனியா’ ஆகும். ஆளிச் செடியைக் குறிக்கும் ‘லீனும்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்த அது, ஆளி நாரால் திரித்த நூலைக் குறித்தது. பழைய ஆங்கிலத்திலும் இச்சொல் கயிறு என்னும் பொருளில் வழங்கியது. பின்னர்ப் பிரெஞ்சு வழியாக வந்த வடிவமும் இதனோடு கலந்து பொருளை விரித்தது. துணிக்கடைகளில் வழங்கும் ‘லினன்’, தையற்கலைஞர் ஆடையின் உட்புறம் வைத்துத் தைக்கும் ‘லைனிங்’ ஆகியனவும் இக்குடும்பத்தைச் சார்ந்தவையே. உள்துணியாக ஆளித்துணியை வைத்துத் தைத்ததனால் அப்பெயர் ஏற்பட்டது. எனவே சட்டையின் லைனிங்கும் தாளில் வரையும் லைனும் ஒரே வேரின.

நூல் என்னும் பருப்பொருளிலிருந்து கோடு என்னும் நுண்பொருள் தோன்றியதற்குத் தொழிற்களமே இடைப்பாலம். இழுத்துப் பிடித்த நூல் நேராக நிற்கும். தச்சரும் கொத்தரும் அதனைக் கொண்டே நேர்மையை அளந்தனர். நூல் பதித்த தடம் கோடாயிற்று. கோடு போல் அமைந்த எழுத்துத் தொடர் வரியாயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக நின்றவை வரிசையாயின. இரு நிலங்களைப் பிரித்தது எல்லையாயிற்று.

இவ்வளர்ச்சி தமிழுக்குப் புதிதன்று. தமிழில் ‘நூல்’ பஞ்சிழையையும் கற்றற்குரிய பனுவலையும் ஒருங்கே குறிக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் இப்பெயர்க்காரணத்தை இருவகையாக விளக்குகிறார். பஞ்சினை நூற்று இழையாக்குவது போலச் சொல்லால் பனுவல் இயற்றுதல் ஒன்று. மரத்தின் கோட்டத்தைத் தச்சரின் நூல் காட்டி நீக்குவது போல மனத்தின் கோட்டத்தை நீக்குதல் மற்றொன்று. ‘நூல் பிடித்தாற்போல்’ என்னும் இன்றைய வழக்கும் நேர்மையையே சுட்டுகிறது. ஆங்கிலத்தில் இழையிலிருந்து எழுத்துவரிக்குச் சென்ற பொருட்பயணம், தமிழில் இழையிலிருந்து பனுவல் முழுமைக்கும் சென்றுள்ளது. இவ்வொப்புமையை எடுத்துக்காட்டினால் ‘லைன்’ என்னும் சொல் தமிழ் மாணவருக்கு அயன்மைத் தன்மையை இழந்துவிடும்.

‘கோடு’ என்னும் நிகரனின் வரம்பு

‘லைன்’ என்பதற்கு முதல் நிகரனாகத் தரப்படும் ‘கோடு’ வரலாற்று நோக்கில் எதிர்த்திசையிலிருந்து வந்த சொல் என்பது கருதத்தக்கது. கோடுதல் என்பதற்கு வளைதல் என்பது பொருள். பழந்தமிழ் வழக்கில் யானைத்தந்தம், விலங்கின் கொம்பு, மரக்கிளை, மலையுச்சி, சங்கு, நீர்நிலையின் கரை ஆகியன கோடு எனப்பட்டன. இவற்றுள் பலவற்றுக்கும் வளைவு பொதுத்தன்மையாகும். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் நேர்மையைச் சுட்டுதற்குக் ‘கோடாமை’ என்னும் எதிர்மறைச் சொல்லையே ஆள்கிறது. ஆங்கிலச் சொல் இழுத்துக் கட்டிய நூலின் நேர்மையிலிருந்தும், தமிழ்ச்சொல் வளைவிலிருந்தும் புறப்பட்டு, வரையப்பட்ட கீற்று என்னும் ஒரே பொருளில் வந்து சந்திக்கின்றன. சந்திக்கும் இடம் ஒன்றாயினும் அவற்றின் பின்புலம் வேறாதலின், ஒன்று நிற்கும் எல்லா இடத்திலும் மற்றொன்று நில்லாது.

‘வரி’ என்னும் நிகரனும் இத்தகையதே. தமிழில் வரி எழுத்துத் தொடரையும், விலங்கின் உடலிலுள்ள பட்டையையும், அரசுக்குச் செலுத்தும் இறையையும், இசைப்பாட்டு வகையையும் குறிக்கும். சிலப்பதிகாரத்தின் கானல்வரி கடற்கரைச் சூழலில் அமைந்த வரிப்பாட்டாகும். வரிப்புலி, வரிக்குதிரை என்பவற்றிலுள்ள வரியை ஆங்கிலத்தில் ‘லைன்’ என்று பெயர்த்தல் பொருந்தாது. அகன்ற பட்டைக்கு அங்கு ‘ஸ்ட்ரைப்’ என்னும் தனிச்சொல் உண்டு. மேலும், ‘இரண்டு வரியில் விடை எழுதுக’ என்னும்போது தமிழ் மாணவர் இரண்டு தொடர்களை எழுதுவதும் உண்டு. ஆங்கிலத்தில் ‘லைன்’ தாளின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரையுள்ள எழுத்து நிரையைக் குறிக்குமேயன்றி, பொருள் முற்றிய தொடரைக் குறிக்காது. அதற்குச் ‘சென்டென்ஸ்’ என்பதே உரிய சொல். செய்யுளைப் பற்றிப் பேசுகையில் ‘லைன்’ என்பதற்கு ‘அடி’ என்பதே யாப்பிலக்கணம் சார்ந்த நிகரன். வரி என்றல் பொருந்தாது.

பொருட்குழுக்கள்

‘லைன்’ என்னும் சொல்லின் இன்றைய பொருள்களை ஏழு குழுக்களாகப் பகுக்கலாம்.

முதலாவது, நூலும் கயிறும். ‘ஃபிஷிங் லைன்’ என்பது தூண்டில் நரம்பு. இக்கடற்கரைகளில் தங்கூசி என்றும் வழங்கும். ‘லைஃப்லைன்’ கடலில் வீழ்ந்தவரை மீட்க எறியும் கயிறு. அதிலிருந்தே உயிர்நாடி என்னும் உருவகப் பொருள் தோன்றியது. கரையில் ‘ரோப்’ எனப்படும் கயிறு, கப்பலில் ஒரு பணிக்கென அமர்த்தப்பட்டதும் ‘லைன்’ எனப்படுதல் கடலோடிகளின் ஆங்கில வழக்கு. கப்பற்பணிக்குச் செல்வோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது. பெருங்கயிற்றில் இடைவெளி விட்டுப் பல தூண்டில்களைக் கட்டி மிதக்கவிடும் முறை ‘லாங்லைன்’ எனப்படும். பாக் நீரிணை இழுவைப்படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் அரசுத் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. சூரை மீனுக்கான தூண்டிலும் செவுள்வலையும் கொண்ட படகுகளை அது முன்வைத்தது. புதுக்கோட்டை மாவட்டமும் அத்திட்டத்தில் அடங்கும். ஆகவே இச்சொல் இக்கரைக்கு ஏட்டுச்சொல் அன்று.

இரண்டாவது, வரையப்பட்ட கோடு. கணக்கியலின் நேர்க்கோடும், உள்ளங்கையின் ரேகையும், முகத்தில் தோன்றும் சுருக்கக் கீற்றும் இதில் அடங்கும். தமிழில் கோடு, ரேகை, கீற்று எனப் பிரிந்து நிற்பவை ஆங்கிலத்தில் ஒன்றாகின்றன.

மூன்றாவது, எழுத்துவரி. ‘ஹெட்லைன்’ தலைப்புச் செய்தி. ‘பாட்டம் லைன்’ கணக்கேட்டின் கடைசி வரியில் நிற்கும் இலாப நட்டத் தொகை. அதன் வழியாக முடிந்த முடிபு என்னும் பொருள் வந்தது. நாடக நடிகர் மனப்பாடம் செய்யும் உரையாடலும் பன்மை வடிவில் ‘லைன்ஸ்’ எனப்படும்.

நான்காவது, வரிசை. அமெரிக்க ஆங்கிலத்தில் மக்கள் ஒருவர்பின் ஒருவராக நிற்பது ‘லைன்’; பிரித்தானிய ஆங்கிலத்தில் அது ‘க்யூ’. பக்கவாட்டில் அமைந்த இருக்கை நிரைக்கு ‘ரோ’ என்பது உரிய சொல்.

ஐந்தாவது, தடமும் இணைப்பும். இருப்புப்பாதை, மின்கம்பி, தொலைபேசி இணைப்பு, குழாய்த்தடம், வான்வழி நிறுவனம் ஆகியன இதன்பாற்படும்.

ஆறாவது, எல்லை. ‘பாவர்ட்டி லைன்’ தமிழில் ‘வறுமைக்கோடு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டு நிலைபெற்றுவிட்டது. கப்பல் ஏற்றத்தகும் பாரத்தைக் காட்ட அதன் புறத்தில் இடும் குறி ‘பிளிம்சால் லைன்’ எனப்படும். சாமுவேல் பிளிம்சாலின் முயற்சியால் 1876ஆம் ஆண்டுப் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டம் இதனைக் கட்டாயமாக்கியது. ‘டெட்லைன்’ என்பது இன்று காலக்கெடு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில், கைதிகள் கடந்தால் சுடப்படும் எல்லைக்கு அப்பெயர் வழங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதழியல் துறையில் அது காலக்கெடுவைக் குறிக்கலாயிற்று.

ஏழாவது, போக்கும் துறையும். ஒருவரின் தொழில், வாதத்தின் போக்கு, குலவழி ஆகியவை இதில் அடங்கும். குலவழியைக் குறிக்கும் ‘லினியேஜ்’ என்னும் சொல்லும் இவ்வேரினதே.

தமிழ் வழக்கில் கலந்த ‘லைன்’

இச்சொல் தமிழர் பேச்சில் கடன்சொல்லாகக் கலந்து தனக்கென ஒரு வாழ்வைப் பெற்றுள்ளது. மின்வாரியக் கம்பியாளர் ‘லைன்மேன்’. பேச்சு அறுந்தால் ‘லைன் கட்டாகிவிட்டது’. ஒருவரின் தொழிலை வினவ ‘எந்த லைனில் இருக்கிறார்?’, கடைகளுக்குச் சரக்குப் போடுவோரும் பணம் வசூலிப்போரும் செல்லும் சுற்று ‘லைன்’, ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகள் ‘லைன் வீடு’. இளைஞர் கொச்சை வழக்கில் ‘லைன் அடித்தல்’ காதற்குறிப்புக் காட்டுதலாகும். இக்கடைசி வழக்கு ஆங்கிலத்தில் அவ்வாறே செல்லாது. அதனை ஆங்கிலத் தொடரில் பெய்தால் கேட்போர்க்கு விளங்காது. கடன்சொல்லின் பழக்கமே கற்றலுக்குத் தடையாக அமையும் இடம் இது.

கடன்சொல்லின் வாழ்வில் மிகவும் கனத்த வரலாறு உடையது இலங்கை மலையகத்தின் ‘லயம்’ ஆகும். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் குடியமர்த்தப்பட்ட நிரைவீடுகளைத் தோட்ட நிர்வாகத்தினர் ‘லைன்’ என்றனர். அது மக்கள் வாயில் ‘லயன்’ என்றும் ‘லயம்’ என்றும் மாறியது. ஐகாரம் ‘அய்’ ஆகித் திரிதலும், நிலம் - நிலன், கலம் - கலன் என்பவற்றில் போல மகரமும் னகரமும் தம்முள் மயங்குதலும் தமிழ் ஒலியியல் அறிந்தவையே. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் செவிவழிப் பெற்ற அயற்சொல்லைத் தம் மொழியின் இயல்புக்கேற்பத் திருத்திக்கொண்டனர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் தாயகம் திரும்பியோருடன் இச்சொல்லும் தமிழகம் வந்தது. அகராதியில் ‘வரிசை’ என ஒற்றைச் சொல்லால் முடியும் பொருளுக்குள் ஓரறை வீடுகளில் கழிந்த தலைமுறைகளின் வாழ்வு அடங்கியுள்ளது.

கடலில் வரைந்த கோடு

கோட்டைப்பட்டினத்தைப் பொறுத்தவரை ஆறாவது பொருட்குழுவே மிகுந்த எடையுடையது. 1974 சூன் 26, 28 ஆகிய நாள்களில் கையெழுத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தம் பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரையுள்ள நீர்ப்பரப்பின் எல்லையை வகுத்தது. 1976 மார்ச் ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் அதனை நீட்டியது. பேச்சிலும் செய்தியிலும் ‘இன்டர்நேஷனல் மேரிடைம் பவுண்டரி லைன்’ எனப்படுவது இதுவே.

1974 ஒப்பந்தம் எல்லையை ஆறு புள்ளிகளால் குறிக்கிறது. அவற்றுள் இரண்டாம் புள்ளி 9 பாகை 57 கலை வடக்கு, 79 பாகை 35 கலை கிழக்கு. மூன்றாம் புள்ளி 9 பாகை 40.15 கலை வடக்கு, 79 பாகை 22.60 கலை கிழக்கு. இவ்விரு புள்ளிகளுக்கிடைப்பட்ட பகுதி கோட்டைப்பட்டினத்திலிருந்து சற்றேறக்குறைய 20 கடல் மைல் தொலைவில் செல்கிறது. புள்ளிகளை இணைப்பவை பெருவட்ட விற்கள் என ஒப்பந்தம் கூறுகிறது. அதாவது, இவ்வெல்லை நிலவுருண்டையின் வளைவைத் தழுவிச் செல்லும் வில். ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் நேர்மைக் குறிப்பைக் காட்டிலும் ‘கோடு’ என்னும் தமிழ்ச் சொல்லின் பழைய வளைவுப் பொருளே இதற்குப் பொருந்துகிறது.

கரைக்கு அருகில் மற்றொரு கோடும் உண்டு. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983, கரையை ஒட்டிய பரப்பில் விசைப்படகுகள் மீன்பிடித்தலைத் தடுக்கிறது. அப்பரப்பு நாட்டுப்படகுகளுக்கு உரியது. ஆக, இவ்வூரின் விசைப்படகுத் தொழில் கண்ணுக்குப் புலப்படாத இரு கோடுகளுக்கு இடையே நிகழ வேண்டியதாகிறது. இந்தியக் கடற்பகுதிச் சட்டம், 1976, ஆட்சிக்கடலின் எல்லையை வரையறுக்கும்போதும், ‘பேஸ்லைன்’ எனப்படும் அடிப்படைக் கோட்டின் மிக அண்மைப் புள்ளியிலிருந்து 12 கடல் மைல் தொலைவிலுள்ள புள்ளிகளால் ஆன ‘லைன்’ என்றே கூறுகிறது. ஒரு கோட்டை மற்றொரு கோட்டைக் கொண்டு வரையறுக்கும் இத்தகைய தொடரை, ‘லைன்’ என்றால் தாளில் வரைந்த கீற்று என மட்டும் அறிந்தவர் புரிந்துகொள்ளுதல் அரிது.

இங்குத் தமிழின் எல்லைச் சொற்களை ஒப்பிடுதல் பயன்தரும். வரம்பு என்பது வயலின் வரப்பு, மண்ணால் உயர்த்தப்பட்டது, கால் வைத்து நடக்கத்தக்கது. கரை என்பது நீரைத் தடுத்து நிற்பது. ‘வரம்பு மீறுதல்’, ‘கரை கடத்தல்’ என்னும் தொடர்கள் கண்ணால் கண்டு, காலால் தாண்டுவதைக் குறித்துப் பின் உருவகமாயின. மீறுபவர் மீறுவதை அறிந்தே மீறுகிறார் என்பது இச்சொற்களில் உள்ளுறைந்த கருத்து. ஆங்கிலத்தின் ‘கிராஸ் த லைன்’ என்னும் தொடரும் வேண்டுமென்றே நெறி பிறழ்தலைக் குறிக்கும் மரபுத்தொடராக வழங்குகிறது. ஆனால் கடல் எல்லையின் ‘லைன்’ கணக்கீட்டால் அமைந்தது. இடங்காட்டிக் கருவியின் எண்களன்றி வேறு எதுவும் அதனைக் காட்டாது. காற்றும் நீரோட்டமும் பழுதான பொறியும் படகை அதன் அப்புறம் கொண்டு செல்லக்கூடும்; மீன் இருக்குமிடம் நோக்கி அறிந்தே செல்வதும் உண்டு. இவ்விரு செயல்களையும் ‘எல்லை தாண்டி’ என்னும் ஒரே தொடர் தழுவிக்கொள்கிறது. ஆங்கிலச் செய்தியிலுள்ள ‘கிராஸ்டு த லைன்’ என்னும் தொடரைப் பெயர்க்கும்போது, நெறிபிறழ்தல் என்னும் மரபுத்தொடர்ப் பொருள் இடச்சுட்டுப் பொருளின்மேல் ஏறிவிடாதவாறு காத்தல் மொழிபெயர்ப்பாளர் கடமை. ‘எல்லைக்கு அப்பால் இருந்தபோது’ என்பது இருப்பிடத்தை மட்டும் கூறும். ‘எல்லையை மீறி’ என்பது குற்றத்தையும் சேர்த்துக் கூறும்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. அயல்நாட்டு மீன்பிடிப் படகுகளை ஒழுங்குபடுத்தும் இலங்கையின் 1979ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டுத் தண்டத்தொகை பன்மடங்கு உயர்த்தப்பட்டது. சிறையும் படகு இழப்பும் அதன் விளைவுகள். 2021 சனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற விசைப்படகு ஒன்றிலிருந்த நால்வர் கடலில் உயிரிழந்தனர். இத்தகைய நிகழ்வுகளின்பின் எழுதப்படும் அறிக்கைகளையும் ஆணைகளையும் படித்து, குடும்பத்தார்க்கு எடுத்துரைக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவ்வீட்டில் ஆங்கிலம் கற்ற இளையோரையே சாரும். அவர்கள் ‘லைன்’ என்பதன் பொருளைச் சூழலறிந்து கொள்ள வேண்டியவர்கள்.

கற்பித்தலுக்கான வரிசை

மேற்கூறியவற்றால், கடற்கரைக் கற்போருக்கு வரலாற்று நெறியும் வாழ்வண்மை நெறியும் ஒன்றாகப் பொருந்துவது தெளிவாகிறது. சொல்லின் தொன்மையான பொருளாகிய கயிறே அவர்கள் கையில் நாள்தோறும் உள்ள பொருள். எனவே பாடம் தூண்டில் நரம்பில் தொடங்கலாம். ‘ஹுக், லைன் அண்டு சிங்கர்’ என்னும் மரபுத்தொடரில் தூண்டில் முள், நரம்பு, ஈயக்குண்டு ஆகிய மூன்றும் உள்ளன. இரையோடு இம்மூன்றையும் விழுங்கிய மீனைப் போல, சொன்னதை ஐயமின்றி முழுமையாக நம்பிவிடுதல் அதன் பொருள். நகர்ப்புற மாணவருக்குப் படம் காட்டி விளக்க வேண்டிய இத்தொடர், இக்கரை மாணவருக்கு இயல்பாகவே விளங்கும்.

அடுத்து, இழுத்துப் பிடித்த கயிற்றிலிருந்து கோட்டையும், கோட்டிலிருந்து எழுத்துவரியையும் வரிசையையும், அவற்றிலிருந்து தடத்தையும் போக்கையும் காட்டலாம். எல்லைப் பொருளை நிறைவாக வைத்து, கடல் வரைபடத்தைக் கொண்டு கற்பித்தல் நன்று. ஒவ்வொரு நிலையிலும் உடன்வரும் சொற்களைச் சேர்த்தே தருதல் வேண்டும். ‘டிரா’ என்னும் வினையோடு வரும்போது கோடு வரைதலும், இதற்குமேல் இயலாது என வரையறுத்தலும் ஆகிய இரு பொருள்கள் உண்டு. ‘ஹோல்டு’ என்பதோடு வந்தால் தொலைபேசியில் காத்திருத்தல் அல்லது நிலைப்பாட்டில் உறுதியாக நிற்றல். ‘ரீட் பிட்வீன் த லைன்ஸ்’ என்பது எழுதாமல் உணர்த்திய குறிப்பை அறிதல். இறைச்சியும் உள்ளுறையும் பயின்ற தமிழ் மாணவருக்கு இது எளிதில் புலப்படும். ‘லைன்’ வினையாக வரும்போது வரிசையில் நிற்றல், ஓரங்களில் நிரம்பி நிற்றல், உட்புறம் துணியிடுதல் ஆகிய பொருள்கள் தோன்றும்.

நிகரன்களைத் தேர்வதில் ஓர் எளிய சோதனை போதுமானது. தொட முடிந்தது கயிறு அல்லது கம்பி. காண மட்டும் முடிந்தது கோடு அல்லது வரி. நிற்பவர்களால் ஆனது வரிசை. செல்லும் வழி தடம். தொடவும் காணவும் இயலாது அறிவால் மட்டும் அறியப்படுவது எல்லை. இச்சோதனையைக் கைக்கொண்டால் ஒற்றை நிகரனைச் சார்ந்திருக்கும் நிலை நீங்கும்.

முடிவுரை

‘லைன்’ என்னும் சொல் இழையாகத் தொடங்கிக் கண்ணுக்குத் தெரியாத எல்லையாக விரிந்துள்ளது. தமிழில் அப்பொருள்கள் நூல், கயிறு, கோடு, வரி, அடி, வரிசை, தடம், வரம்பு, எல்லை எனப் பல சொற்களில் பகிர்ந்து நிற்கின்றன. இப்பன்மை தமிழின் குறையன்று. பொருளைப் பிரித்தறிவதற்கு வாய்த்த கருவி. அக்கருவியை விடுத்துக் ‘கோடு’ என்னும் ஒன்றையே நம்புவதால் கற்போர் இழப்பது மிகுதி. பொருள் வரிசை கற்போரின் வாழ்க்கைச் சூழலுக்கேற்ப அமைய வேண்டும் என்பதற்குக் கோட்டைப்பட்டினம் வலுவான சான்று தருகிறது. நெசவு, உழவு, உப்பளம் சார்ந்த ஊர்களுக்கு இம்முறையை விரித்து, எளிய ஆங்கிலச் சொற்களுக்கு வட்டாரம் சார்ந்த கற்போர் அகராதிகளை ஆக்குதல் தமிழாய்வு உலகின் பணியாதல் வேண்டும்.